கம்பெனி செட்டில் ஒலியைச் சரிசெய்வது எப்படி: கார் ஸ்டீரியோவின் டிஎஸ்பி அமைப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுக் கார் வாங்கியவர்கள் ஸ்டீரியோ மெனுவில் பெரும்பாலும் இரண்டே வேலை செய்கிறார்கள். பாஸை (அடி ஒலியை) முழுக்க ஏற்றுவார்கள், ட்ரெபிளை (மேல் ஒலியை) முக்கால்வாசி ஏற்றுவார்கள். பிறகு அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. அதே மெனுவில் நாலு வரி கீழே ‘லிஸனிங் பொசிஷன்’ என்றோ ‘சவுண்ட் ஃபோகஸ்’ என்றோ ஒன்று இருக்கும்; அதை யாரும் சீண்டுவதில்லை. ஒலியை அதிகம் மாற்றக்கூடியது அதுதான். அதிகம் கெடுக்கக்கூடியது பாஸ். இந்த வழிகாட்டியின் வரிசை அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது: முதலில் பாட்டு வரும் வழி, அடுத்து நீங்கள் உட்காரும் இடம், அதற்குப் பிறகே பாஸும் ட்ரெபிளும். மற்ற அலங்காரங்கள் எல்லாம் கடைசியில்.

தொடங்கும் முன்: பூஜ்யம் என்றால் என்ன

ஸ்டீரியோவுக்குள் பாட்டு எண்களாகத்தான் ஓடுகிறது. ஆம்பிளிஃபயருக்குப் போகும் முன் ஒரு சிப் அந்த எண்களைக் கூட்டியும் குறைத்தும், சில ஸ்பீக்கர்களுக்குக் கொஞ்சம் தாமதப்படுத்தியும் அனுப்புகிறது. டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்) என்பது இவ்வளவுதான்.

நாம் கவனிக்க வேண்டியது, இந்த வேலை இரண்டு அடுக்காக நடக்கிறது என்பதை. அடி அடுக்கு கார் கம்பெனியோ ஆடியோ கம்பெனியோ அந்த மாடலுக்கென்று அளந்து எழுதியது. கதவின் குழிவு, கண்ணாடியின் சாய்வு, சீட் துணி, ஸ்பீக்கரின் பலவீனங்கள் எல்லாவற்றுக்கும் அதில் திருத்தம் இருக்கும். ஒரு குறிப்பிட்ட காருக்கென்றே ஸ்டீரியோவை வடிவமைக்கும் பழக்கம் 1983 மாடல் காடிலாக் செவில் காரில் போஸ் நிறுவனம் வைத்த செட்டிலேயே வந்துவிட்டது. இன்று அது விலை உயர்ந்த கார்களுக்கு மட்டுமானதல்ல. மாருதி பலேனோவில் இருக்கும் ஆர்க்கமிஸ் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் ஒலித் திருத்தம். க்ரெட்டாவிலும் செல்டோஸிலும் மேல் வேரியன்ட்டில் போஸ், எக்ஸ்யூவி 700இல் சோனி, நெக்ஸானில் ஹார்மன் அல்லது ஜேபிஎல் என்று பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். இந்த அடி அடுக்கு உங்கள் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது.

திரையில் நீங்கள் தொடுவது மேல் அடுக்கு. ஆகவே பாஸ் ‘0’ என்று காட்டினால் எந்தத் திருத்தமும் இல்லை என்று பொருளல்ல. கம்பெனி இன்ஜினியர் சரி என்று விட்டுவைத்த நிலை அது. அவர் சில லட்ச ரூபாய் அளவீட்டுக் கருவிகளோடு உட்கார்ந்து செய்த வேலையை மதித்து, பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள்.

அடி அடுக்கில் இன்னொரு சங்கதி. பல கம்பெனி செட்களில் வால்யூம் ஏற ஏற பாஸ் தானாகவே குறைக்கப்படும். கதவில் இருக்கும் மெல்லிய ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க அந்த ஏற்பாடு. பாதி வால்யூமில் திடமாக இருந்த பாஸ் முக்கால் வால்யூமில் ஒல்லியாகிவிட்டது என்று சர்வீஸ் சென்டரில் புகார் சொல்லிப் பயனில்லை. பாஸ் குமிழை ஏற்றியும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

படி 1: எல்லாவற்றையும் அணையுங்கள்

காரை நிழலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு (மூடிய ஷெட்டுக்குள் அல்ல), ஏசியை நீங்கள் வழக்கமாக வைக்கும் வேகத்தில் வையுங்கள். நம் ஊரில் ஏசி இல்லாமல் யாரும் பாட்டுக் கேட்கப் போவதில்லை. புளோயர் சத்தமும் கேட்கும் சூழலில் ஒரு பகுதி. கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள்.

இனி மெனுவில் பாஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் பூஜ்யமாக்குங்கள். பேலன்ஸ் (இடது-வலது), ஃபேடர் (முன்-பின்) நடுவில். ‘ராக்’, ‘பாப்’, ‘ஜாஸ்’ என்ற தயார் அமைப்புகள் இருந்தால் ‘ஃபிளாட்’ அல்லது ‘கஸ்டம்’ தேர்ந்தெடுங்கள். சரவுண்ட், லவுட்னெஸ், வேகத்துக்கேற்ற வால்யூம் எல்லாம் ஆஃப்.

அப்புறம் போன். முக்கால்வாசிப் பேர் தவறவிடும் இடம் இதுதான். போனில் டால்பி அட்மாஸ் ஆனில் இருக்கும், பாட்டு ஆப்பில் தனியாக ஒரு ஈக்வலைசர் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது) ஓடிக்கொண்டிருக்கும், கார் செட்டில் மூன்றாவதாக ஒன்று. பாஸ் மூன்று தடவை ஏற்றப்பட்டு ஸ்பீக்கரை அடையும். போனில் இருப்பவற்றை எல்லாம் அணைத்துவிடுங்கள். திருத்தம் ஒரே இடத்தில், காரில் மட்டும் நடக்கட்டும். போனின் ஆக்சஸிபிலிட்டி பகுதியில் ‘மோனோ ஆடியோ’ ஆனில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். அது ஆனில் இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த செட்டும் நடுவில் மட்டுமே பாடும்.

படி 2: பாட்டு எந்த வழியாக வருகிறது

எஃப்எம் ரேடியோவை வைத்து ஒலி அமைப்பைத் தீர்மானிக்காதீர்கள். எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேல் 19 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோவுக்கான வழிகாட்டி அலை போகிறது. அது போக, ஸ்டேஷன்கள் தங்கள் பக்கத்திலேயே எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்கு நசுக்கித்தான் அனுப்புகின்றன. எஃப்எம்முக்குச் சரியாக வரும் ட்ரெபிள், நல்ல கோப்புக்குக் கூச்சம் தரும்.

புளூடூத்தில் பாட்டு இன்னொரு முறை சுருக்கப்பட்டு வருகிறது. எஸ்பிசி என்ற அடிப்படை முறை எல்லாக் கார்களிலும் உண்டு. ஐபோன் என்றால் ஏஏசி. ஓடும் காரில் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக நினைக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் அமைப்புகளைச் செய்யும் அந்த அரை மணி நேரத்துக்கு யுஎஸ்பி கேபிளில் போனை இணையுங்கள், அல்லது பென் டிரைவில் நல்ல தரமான கோப்புகளைப் போடுங்கள். வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் பாட்டை வைஃபை வழியாக அனுப்புவதால் அவையும் பரவாயில்லை.

புளூடூத்தில்தான் கேட்பேன் என்பவர்கள் போன் வால்யூமை உச்சத்துக்கோ உச்சத்துக்கு ஒரு படி கீழோ வைத்துவிட்டு, ஏற்ற இறக்கத்தைக் கார் குமிழில் செய்யுங்கள். போன் பாதியில் இருந்தால் அந்தக் குறையைக் கார் ஈடுகட்ட வேண்டியிருக்கும். பாட்டோடு இரைச்சலும் பெரிதாகும். சில கார்களில் இரண்டு வால்யூமும் ஒன்றாகவே நகரும். அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

படி 3: சோதனைக்கு எதைப் போடுவது

மூன்று வகை போதும். ஒன்று, ஒரே ஆள் பேசும் பதிவு. செய்தி வாசிப்போ பாட்காஸ்டோ எதுவானாலும் சரி. இரண்டு, உங்களுக்கு மனப்பாடமான, நல்ல பதிவுள்ள திரைப்பாட்டு. மூன்று, தாள வாத்தியங்கள் இருக்கும் கச்சேரிப் பதிவு. மிருதங்கத்தின் தொப்பியும் (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) கஞ்சிராவின் சலங்கையும் சேர்ந்து பாஸையும் ட்ரெபிளையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடும்.

1970களுக்கு முந்தைய திரைப்பாடல்களைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மோனோ. மேல் அதிர்வெண்களும் அந்தப் பதிவுகளில் அவ்வளவாகக் கிடையாது. ட்ரெபிளை ஏற்றினால் இல்லாத ஜால்ரா கேட்கப் போவதில்லை, இருக்கும் ‘உஸ்ஸ்’ சத்தம்தான் கூடும்.

படி 4: உட்காரும் இடத்தைச் சொல்லுங்கள்

இப்போது பேச்சுப் பதிவை ஓடவிட்டு, டிரைவர் சீட்டில் வழக்கம்போல் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடுங்கள். குரல் எங்கிருந்து வருகிறது? அநேகமாக உங்கள் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், கதவிலிருந்து. இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் ஒலிக்கிறது. ஆனாலும் இடது பக்க ஸ்பீக்கர் அங்கே இல்லாதது போலவே இருக்கும்.

காரணம் நேரம். நம் ஊர் வெயிலில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 35 சென்டிமீட்டர் போகும். வலது கதவு ஸ்பீக்கர் உங்கள் காதிலிருந்து 85 செ.மீ. தூரத்திலும் இடது 140 செ.மீ. தூரத்திலும் இருந்தால், வலது பக்க ஒலி ஏறக்குறைய 1.6 மில்லிசெகண்ட் முந்தி வந்துவிடும். ஒரே ஒலி இரண்டு திசையிலிருந்து சற்று முன்பின்னாக வந்தால், முதலில் வந்ததன் திசையையே மூளை எடுத்துக்கொள்ளும். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் இதை விரிவாக ஆராய்ந்தார். ஹாஸ் விளைவு என்றே பெயர் வந்துவிட்டது.

பேலன்ஸை இடது பக்கம் தள்ளி இதைச் சரிசெய்யப் பார்ப்பது வழக்கம். சத்தத்தின் அளவு சமமாகும், நேரம் சமமாகாது. குரல் நடுவுக்கு வருவதற்குள் பக்கத்து சீட்டில் இருப்பவரின் காது அடைத்துவிடும். செய்ய வேண்டியது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்துவதுதான்.

உங்கள் செட்டில் இதற்கு எளிய வழி இருக்கலாம்: ‘டிரைவர்’, ‘ஃப்ரண்ட்’, ‘ஆல்’ என்று மூன்று நான்கு தேர்வுகள், அல்லது காரின் படத்தில் சீட்டைத் தொடும் வசதி. ‘டிரைவர்’ அழுத்திவிட்டு அதே பேச்சைக் கேளுங்கள். குரல் டேஷ்போர்டின் மேலே, ஸ்டீயரிங்குக்கு நேராகவோ கண்ணாடியின் நடுவிலோ எழும்பி நிற்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைக் கேட்டவர்கள் செட்டை மாற்றிவிட்டீர்களா என்று கேட்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. சில கார்களில் சீட் படத்தைத் தொடுவது வெறும் பேலன்ஸ், ஃபேடர் வேலைதான். தாமதம் எதுவும் இல்லை. கண்டுபிடிப்பது எளிது. டிரைவர் பக்கம் புள்ளியை நகர்த்தும்போது மற்ற ஸ்பீக்கர்களின் சத்தம் குறைந்து, குரல் இன்னும் கதவுப் பக்கமே ஒட்டிக்கொண்டால் அது ஃபேடர். சத்தம் குறையாமல் குரல் மட்டும் இடம் மாறினால் அது தாமதம்.

சில உயர்ந்த செட்களிலும், வெளியில் வாங்கிப் போடும் பெரும்பாலான செட்களிலும் ‘டைம் அலைன்மென்ட்’ என்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எண் கேட்கும். இஞ்ச் டேப் எடுங்கள். சீட்டை உங்கள் இடத்தில் வைத்து, தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நேர்கோட்டில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக:

முன் வலது 85 செ.மீ., முன் இடது 140, பின் வலது 115, பின் இடது 165.

இருப்பதிலேயே தூரமானது பின் இடது, 165. அதற்குத் தாமதம் பூஜ்யம். மற்றவற்றை 165இலிருந்து கழித்து 35ஆல் வகுத்தால் மில்லிசெகண்ட் கிடைக்கும். முன் இடதுக்கு 25 செ.மீ. வித்தியாசம், 0.7. பின் வலதுக்கு 50, அதாவது 1.4. முன் வலதுக்கு 80, ஏறக்குறைய 2.3.

பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று இதில் உண்டு. சில செட்கள் தாமதத்தைக் கேட்கும், சில செட்கள் தூரத்தைக் கேட்கும். தாமதம் என்றால் பக்கத்து ஸ்பீக்கருக்குப் பெரிய எண். தூரம் என்றால் டேப்பில் வந்ததை அப்படியே போட வேண்டும், தூரத்து ஸ்பீக்கருக்குப் பெரிய எண். தலைகீழாகப் போட்டால் குரல் முன்பைவிடக் கதவுக்குள் புகுந்துவிடும். அலகு செ.மீ. என்று இருப்பதால் மட்டும் அது தூரம் என்று முடிவு கட்டாதீர்கள்; தாமதத்தையே செ.மீ. கணக்கில் கேட்கும் செட்களும் இருக்கின்றன. ஒரு ஸ்பீக்கரின் எண்ணை மட்டும் பெரிதாக ஏற்றிப் பார்த்துக் குரல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்தால் புரிந்துவிடும்: குரல் அந்த ஸ்பீக்கரை விட்டு விலகினால் நீங்கள் போடுவது தாமதம், அதை நோக்கி வந்தால் தூரம்.

இந்தக் கணக்கு வலது பக்கம் ஸ்டீயரிங் உள்ள இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கார்களுக்கு. வளைகுடா நாடுகளிலோ அமெரிக்காவிலோ ஓட்டுபவர்கள் இடது வலதை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

டிரைவருக்குச் சரியானது மற்றவர்களுக்குச் சரியாக இருக்காது என்பதும் உண்மை. குடும்பத்தோடு போகும்போது ‘ஆல்’, தனியாகப் போகும்போது ‘டிரைவர்’ என்று மாற்றிக்கொள்வதே முறை.

குரல் எந்த அமைப்பிலும் ஓரிடத்தில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவியே கேட்டால், பாஸும் சொத்தையாக இருந்தால், ஒரு சந்தேகம் வர வேண்டும். பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கும்போது பாஸ் திரும்பி வந்து, நடுவுக்குக் கொண்டுவந்ததும் காணாமல் போனால், ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் வயர் மாறியிருக்கிறது. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுப்பதால் பாஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கதவைக் கழற்றி வேலை செய்த கார்களில், ஸ்பீக்கர் மாற்றிய கார்களில் இது அடிக்கடி நடக்கும். டிஎஸ்பியால் தீராது, கதவை மறுபடி திறக்க வேண்டியதுதான்.

படி 5: ஃபேடர்

பாடகர் நமக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது என் ரசனை. அதனால் ஃபேடரை முன்பக்கம் இரண்டு மூன்று படி தள்ளுவேன். பின் ஸ்பீக்கர்கள் ஒலிக்கின்றன என்று தெரியாமலே ஒலியை நிரப்பும் அளவு போதும். பின்னால் பிள்ளைகள் தூங்கும்போது முழுக்க முன்னால். பின் சீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து பாட்டைக் கேட்க ஆசைப்பட்டால் நடுவில் வையுங்கள், அவ்வளவுதான்.

படி 6: ஈக்வலைசர், அதாவது குறைக்கும் கலை

ஈக்வலைசரை ஏற்றுவதற்கான கருவி என்றே பலர் நினைக்கிறார்கள். கம்பெனி செட்டில் அது குறைப்பதற்கான கருவி. அதற்குக் காரணம் மின்சாரக் கணக்கு.

பாக்கெட்டில் ‘50 வாட் x 4’ என்று எழுதியிருக்கும். தனி ஆம்பிளிஃபயர் இல்லாத செட், ஓடும் இன்ஜினில் கிடைக்கும் சுமார் 14.4 வோல்ட்டை வைத்துத்தான் 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டுகிறது. கணக்குப்படி சுத்தமான ஒலியில் 26 வாட்டைத் தாண்ட வழியில்லை. நடைமுறையில் 20க்குள் அடங்கிவிடும். 50 என்பது ஒலி முழுக்கச் சிதைந்த நிலையில் வரும் எண். இந்த நிலையில் பாஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு வாட் வேண்டும். வால்யூம் ஏற்றியதும் ஆம்பிளிஃபயர் மூச்சுத் திணறி, அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். பாஸ் அதிகம் வேண்டும் என்று ஏற்றினோம், ஆனால் கெட்டுப்போவது குரல்.

ஆகவே முதலில் உங்கள் செட்டின் எல்லையைக் கண்டுபிடியுங்கள். எல்லாம் பூஜ்யத்தில் இருக்க, வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்துக்கு இரண்டு படி கீழே உங்கள் உச்ச வால்யூம். சோதிக்கும்போது ஓரிரு நொடிகள் போதும், காதும் ஸ்பீக்கரும் முக்கியம்.

பாஸ், மிட், ட்ரெபிள் மூன்று மட்டும் உள்ள செட் என்றால் என் யோசனை: மிட்டைத் தொடாதீர்கள், பாஸ் கூடுதல் வேண்டும் என்றால் ஒன்றிரண்டு படிக்கு மேல் வேண்டாம், கூச்சமாக இருந்தால் ட்ரெபிளில் ஒரு படி குறையுங்கள். இவற்றோடு விட்டுவிடலாம்.

ஐந்து, ஏழு, ஒன்பது பட்டை உள்ளவர்களுக்கு விளையாட இடம் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் என்ன கேட்கும் என்பதைத் தெரிந்துகொண்டு தொட வேண்டும்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிக் டிரம்மின் அடியும் சிந்தசைசர் பாஸும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை 7 மீட்டர் நீளம், காரைவிட நீளம். இப்படிப்பட்ட அலைகள் மூடிய கேபினுக்குள் தாமாகவே வலுப்பெறும். சப்வூஃபர் (அடி ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) இல்லாத காரில் இந்தப் பட்டையை ஏற்றினால் ஸ்பீக்கர் கோன் வீணாக அலையும், காதுக்கு ஒன்றும் வராது. சப்வூஃபர் இருந்தால் அதன் தனி அளவைக் கூட்டிக் குறையுங்கள். இந்தப் பட்டையைத் தொட வேண்டாம்.

100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரைதான் கார்களில் பெரும் தலைவலி. உட்புற அகலம் 1.4 மீட்டர் என்றால் 125 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி இரண்டு கதவுகளுக்கும் இடையில் நின்று முழங்கும். தொப்பியின் கும்கி (தோலை அழுத்தித் தேய்த்து எழுப்பும் இழுவை ஒலி) தெளிவாக வழுக்கிக்கொண்டு போகாமல் ‘தொம் தொம்’ என்று ஒரே சுருதியில் அடிப்பது, ஆண் குரல் மார்புக்குள்ளிருந்து வருவது, கதவு பிளாஸ்டிக் நடுங்குவது எல்லாம் இந்தப் பகுதி. இங்கே இரண்டு மூன்று படி குறைத்துப் பாருங்கள். பாஸ் குறைந்தது போல் முதலில் தோன்றும். இரண்டு பாட்டுக் கேட்டபின் பாஸ் இப்போதுதான் பாஸாக இருக்கிறது என்று தெரியும். நான் சொல்லும் அத்தனை ஈக்வலைசர் மாற்றங்களிலும் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

300 முதல் 800 வரை அமுங்கிய, மூக்கடைத்த குரல். தேவைப்பட்டால் ஒரு படி கீழே.

2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை நம் காது மிகக் கூர்மை. வார்த்தைகள் புரிவதும் நாகஸ்வரம் துளைப்பதும் இங்கேதான். முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலியும் இங்கே சேர்ந்துகொள்வதால் சில கார்களில் நீண்ட பயணத்தில் காது களைத்துப் போகும். அரை மணி நேரம் கேட்டதும் வால்யூமைக் குறைக்கத் தோன்றினால் இந்தப் பட்டையைக் குறையுங்கள்.

5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை ‘ஸ’, ‘ஷ’ ஓசைகள். பாடகியின் ‘ஸ’ விசில் அடித்தால் காரணம் இது. 10க்கு மேல் கஞ்சிராவின் சலங்கை, சிம்பல். வயதாக ஆக இந்தப் பகுதி கேட்பது குறையும்; அறுபது வயது அப்பா ஏற்றி வைத்த ட்ரெபிள் இருபது வயது மகளுக்குக் குத்தும். இருவருக்கும் ஒரே அமைப்பு என்பது வீண் சண்டை. காரில் தனித்தனிப் பயனர் புரொஃபைல் இருந்தால் பயன்படுத்துங்கள்.

தவறான பட்டையை எப்படிப் பிடிப்பது? ஒரு பட்டையை முழுக்க ஏற்றிக் கேளுங்கள். பிடிக்காத அந்தச் சத்தம் மோசமாகப் பெரிதாகும் பட்டைதான் குற்றவாளி. அதைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோய் விடுங்கள். எல்லாம் குறைத்தபின் மொத்தச் சத்தம் குறைந்திருக்கும். வால்யூமை ஏற்றிச் சமப்படுத்திய பிறகே பழையதோடு ஒப்பிடுங்கள். சத்தம் கூடுதலாக இருப்பதே எப்போதும் நல்லதாகத் தோன்றும். கடைக்காரர்கள் விலை உயர்ந்த செட்டைச் சற்றுக் கூடுதல் வால்யூமில் போட்டுக் காட்டுவதும் இதனால்தான்.

படி 7: மற்ற பொத்தான்கள்

*லவுட்னெஸ்.* குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பாஸ் சரியாக எட்டாது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். அந்தக் குறையை ஈடுகட்டுவது லவுட்னெஸ். இரவில் மெதுவாகக் கேட்பவர்களுக்கு நல்ல வசதி. சத்தமாகக் கேட்பவர்கள் ஆஃபில் வைக்கவும்.

*சரவுண்ட், 3டி, கான்சர்ட் ஹால்.* இவை பொதுவாக இடது வலது ஒலிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பிரித்தெடுத்து, சற்றுத் தாமதித்து, சில சமயம் எதிரொலியும் சேர்த்து, பின்னாலும் பக்கவாட்டிலும் அனுப்புகின்றன. பழைய மோனோ பாட்டில் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் பிரித்தெடுக்க எதுவும் இல்லை. டேஷ்போர்டின் நடுவில் சென்டர் ஸ்பீக்கர் இருக்கும் காரில் பாட்டு மொத்தமும் அதற்குள் சுருங்கிவிடுவதும் உண்டு. கச்சேரிப் பதிவில் சபா அரங்கின் எதிரொலி ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் இன்னொரு அரங்கைக் கட்டினால் மிருதங்கத்தின் சொற்கள் குழம்பும். அட்டகாசமான புதுப் பாட்டுக்கு மட்டும் வேண்டுமானால் போட்டு ரசிக்கலாம். டாடா கார்களில் ஆடியோவொர்க்ஸ் என்ற பெயரில் வரும் விதவிதமான மோடுகளையும் இதே கண்ணோடு பாருங்கள்: ஒன்று பிடித்துவிட்டால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் மேல் ஈக்வலைசரையும் ஏற்ற வேண்டாம்.

*சுருக்கிய பாட்டை மீட்பது.* ஹார்மன் செட்களில் க்ளாரிஃபை என்று வரும். குறைந்த தரத்தில் சுருக்கிய கோப்பில் தொலைந்த மேல் ஒலிகளை ஊகித்து நிரப்புகிறது. வாட்ஸ்அப்பில் வந்த பாட்டுக்கு ஆன். நல்ல கோப்புக்கு ஆஃப்.

*வேகத்துக்கேற்ற வால்யூம்.* ஹோண்டாவில் எஸ்விசி, டொயோட்டாவில் ஏஎஸ்எல் என்று பெயர்கள். பெரும்பாலானவை வண்டியின் வேகத்தைப் பார்த்து வால்யூமை ஏற்றும். போஸின் ஆடியோபைலட் மைக் வைத்துக் கேபின் சத்தத்தையே கேட்டு, அந்தச் சத்தம் மூடும் பகுதியை மட்டும் ஏற்ற முயலும். டயர் சத்தம் பெரும்பாலும் அடி அதிர்வெண்களில் இருப்பதால், நிறுத்திய காரில் சரியாக இருந்த பாஸ் நெடுஞ்சாலையில் காணாமல் போவது இயல்பு. கான்கிரீட் சாலையில் இன்னும் மோசம். இதற்காக ஈக்வலைசரைத் திருத்திவிட்டு, சிக்னலில் நின்றதும் பாஸ் இடிக்கிறது என்று நொந்துகொள்ளாதீர்கள். இந்த வசதியை ‘லோ’ அல்லது ‘மிட்’ நிலையில் வைத்தால் போதும். சரிபார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர் திரையைத் தொடட்டும், ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

*போன் பேச்சு, வழிகாட்டும் குரல்.* இவற்றுக்குத் தனி வால்யூம் உண்டு. அவை ஒலிக்கும்போதே குமிழைத் திருகினால்தான் பல கார்களில் மாறும். போன் பேச்சு மிகக் குறுகிய அலைவரிசையில் வருவது. அதன் தரத்தை வைத்து ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டாம்.

படி 8: பூட்டி வைப்பது

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு மெனுப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பேட்டரி வயரைக் கழற்றினாலோ மென்பொருள் அப்டேட் ஆனாலோ சில கார்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சில செட்கள் எஃப்எம்முக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று, யுஎஸ்பிக்கு ஒன்று என்று தனித்தனியாக நினைவில் வைக்கும். யுஎஸ்பியில் செய்ததைப் புளூடூத்துக்கு மாற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால்

கடைக்குப் போகும் முன் அடி அடுக்கை நினைவில் வையுங்கள். அது பழைய ஸ்பீக்கரின் குறைகளுக்காக எழுதப்பட்டது. புது ஸ்பீக்கர் போட்டாலும் அதே திருத்தம் ஓடிக்கொண்டிருக்கும். பழையதில் இல்லாத ட்ரெபிளைச் செட் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தால், புதியதில் அது இரட்டிப்பாகி எரிச்சல் தரும். விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் முன்பைவிட மோசமாகக் கேட்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். குறிப்பாகப் பெயர் பெற்ற ஆடியோ பிராண்டு செட்களில் ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. தனி ஆம்பிளிஃபயரோடு வரும் செட்களில் ஸ்பீக்கரின் ஓம் அளவும் வழக்கமான 4ஆக இல்லாமல் இருக்கலாம். அளக்காமல் மாற்றக் கூடாது.

சப்வூஃபரும் ஆம்பிளிஃபயரும் சேர்ப்பவர்கள் ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுப்பார்கள். அந்தச் சிக்னலில் வால்யூமுக்கேற்ப பாஸ் குறையும் ஏற்பாடும் சேர்ந்தே வரும். சத்தமாக வைத்தால் சப்வூஃபர் அடங்கிவிடும். எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, ஆம்பிளிஃபயர் எத்தனை வாட் என்பதல்ல. ‘கம்பெனி ஈக்வலைசர் திருத்தத்தை அளந்து நேராக்கும் டிஎஸ்பி போடுவீர்களா, மைக் வைத்து அளந்து காட்டுவீர்களா?’ என்று கேளுங்கள். அளக்க மைக்கே இல்லாத கடை என்றால், சாவியைக் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.